மேல்முதுகு வலிக்கு வீட்டிலேயே நீட்சிப் பயிற்சி: குனிந்தே வேலை பார்ப்பவர்களுக்கு

தை மாதம், முகூர்த்த ஜாக்கெட்டுகள் குவிந்துகிடந்த ஒரு வாரத்தில், இடது தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் எனக்கு ஒரு வலி வந்து உட்கார்ந்தது. பெருவிரல் அகலம்தான் இருக்கும். ஆரி ஸ்டாண்டில் (எம்பிராய்டரி போடத் துணியை இழுத்துக் கட்டும் சட்டம்) குனிந்து அரை மணி நேரம் மணி கோத்தால் போதும், அந்த இடம் எரியத் தொடங்கிவிடும். எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தைலம் தேய்த்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனை முதுகில் ஏறி மிதிக்கச் சொன்னேன். இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு அந்த இடத்தை இழுத்து இழுத்து விட்டேன். இரண்டு மணி நேரம் சுகமாக இருக்கும். அப்புறம் பழையபடிதான்.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். என்னைவிடச் சின்னப் பெண். வலிக்கிற இடத்தை அவர் முதலில் தொடவே இல்லை. வெறும் தரையில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். படுத்தேன். "தோளைத் தரையில வைங்கக்கா" என்றார். வைத்துத்தான் இருக்கிறேன் என்றேன். என் தோளுக்கும் தரைக்கும் நடுவில் மூன்று விரலை நுழைத்துக் காட்டினார். "வலி பின்னாடி இருக்குக்கா, இறுக்கம் முன்னாடி இருக்கு. நெஞ்சுப் பக்கம் சுருங்கி, தோளை முன்னால இழுத்து வச்சிருக்கு. முதுகு நாள் முழுக்க அதோட மல்லுக்கட்டுது. நீங்க அந்த முதுகையே திரும்பவும் இழுக்கிறீங்க."

நான் இங்கே எழுதுவதெல்லாம் அந்த மூன்று விரல் இடைவெளியைக் குறைக்கத்தான். வலிக்கிற இடத்தை இழுப்பதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, நெஞ்சைத் திறக்க வேண்டும், நடுமுதுகை அசைய வைக்க வேண்டும். தையல்காரர்கள், லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்கள், விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்கள், மடியில் குழந்தையை வைத்துப் பால் கொடுக்கும் அம்மாக்கள் என்று குனிந்தே இருக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும். ஒரு பாய், ஒரு குளியல் துண்டு, கதவு நிலை, ஒரு நாற்காலி இருந்தால் போதும்.

முதலில், இது அந்த வலிதானா?

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நம் ஊரில் முதுகில் எங்கே பிடித்தாலும் "வாய்வு" என்று சொல்லிப் பூண்டும் சுக்கும் தேடுவோம். மாரடைப்பு சில பேருக்கு, அதிலும் பெண்களுக்கும் பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கும், நெஞ்சுவலியே இல்லாமல் மேல்முதுகு வலியாக வரலாம். திடீரென வந்த வலியோடு மூச்சு வாங்குவது, நெஞ்சில் பாரம், குளிர்ந்த வியர்வை, குமட்டல், கைக்கோ தாடைக்கோ பரவுவது, இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்திருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். சோடா குடித்துவிட்டு ஏப்பம் வருகிறதா என்று காத்திருக்கக் கூடாது.

இன்னும் சில வலிகளும் மருத்துவரிடம் போக வேண்டியவை. கீழே விழுந்த பிறகு வந்த வலி. காய்ச்சலோ எடை குறைவதோ சேர்ந்திருக்கும் வலி. எப்படிப் படுத்தாலும் குறையாமல் ராத்திரியில் எழுப்பிவிடும் வலி. முதுகெலும்பில் வரும் காசநோய் பெரும்பாலும் நடுமுதுகையும் அதை ஒட்டிய பகுதியையும்தான் பிடிக்கும், நம் நாட்டில் அது இன்னும் இருக்கிறது. ஒரே பக்கமாகப் பட்டை போல எரிந்தால் இரண்டொரு நாளில் அக்கி கொப்புளம் வரலாம். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வலது தோள்பட்டைக்குக் கீழே குத்தினால் பித்தப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு அடர்த்தி குறைந்து வலுவிழந்த (ஆஸ்டியோபோரோசிஸ்) வயதான பெண்களுக்கு, சும்மா ஒரு வாளியைத் தூக்கியதிலேயே முதுகெலும்பு நசுங்கி வலி வருவது உண்டு. அவர்களை நீட்டி வளைக்கக் கூடாது. கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

குனிவதால் வரும் வலிக்கு வேறு குணம். காலையில் குறைவாக இருந்து பொழுது சாயச் சாய ஏறும். எழுந்து நடந்தால் இறங்கும். அழுத்திப் பார்த்தால் "இதோ, இங்கேதான்" என்று ஒரு இடம் கையில் சிக்கும். உங்களுடையது இந்த வகை என்றால் மேலே படியுங்கள்.

ஏன் அந்த இடமே?

கழுத்தில் 7 எலும்பு, இடுப்பில் 5. நடுவில் உள்ள மேல்முதுகுப் பகுதியில் 12 எலும்பு, ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி விலா எலும்பு. கூண்டு போலக் கட்டியிருப்பதால் அந்தப் பகுதி இயல்பாகவே கொஞ்சம் விறைப்பானது. ஆனாலும் பக்கவாட்டில் திரும்பவும் லேசாகப் பின்னால் வளையவும் அதற்குத் தெரியும். நாள் முழுக்கக் குனிந்தால் அந்த இரண்டு அசைவும் மறந்துபோகும்.

தலை கிட்டத்தட்ட 5 கிலோ. குடத்தை இடுப்பில் வைத்து நடந்தால் பாரம் தெரியாது. அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் ஐந்து நிமிடம் தாங்காது. தலை முன்னால் போகும்போது பிடரித் தசைகளும் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ள தசைகளும் அப்படித்தான் அதைத் தாங்குகின்றன.

சுவரில் ஒரு அளவு

தொடங்கும் முன் இதை அளந்துவிடுங்கள். சுவரில் முதுகும் பின்புறமும் படும்படி நில்லுங்கள், குதிகால் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி இருக்கட்டும். மோவாயைத் தூக்காமல் நேராகப் பாருங்கள். பின்தலை சுவரைத் தொடுகிறதா? இல்லையென்றால் நடுவில் எத்தனை விரல் போகிறது என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு முதல் நாள் இரண்டரை விரல். காலண்டர் தாளில் எழுதிவைத்தேன். வெகு வருடமாகக் கூன் விழுந்த பெரியவர்களைச் சுவரோடு அழுத்த வேண்டாம். அவர்களுக்கு அந்த வளைவு நிலைத்துப்போயிருக்கும்.

கணக்கு மூச்சில்தான்

கடிகாரம் பார்க்காதீர்கள், அதற்கே கழுத்து திரும்பும். மெதுவான மூச்சு 5 என்றால் சுமார் 25, 30 விநாடி ஆகிவிடும், ஒரு நீட்டலுக்கு அது போதும். மூச்சை வெளியே விடும்போதுதான் தசை இளகும், அப்போது இன்னும் கொஞ்சம் போங்கள். இழுபடுகிற உணர்வு இருக்கலாம், வலி இருக்கக் கூடாது. சுருக்கென்று குத்தினாலோ, கையில் மின்சாரம் போல ஓடினாலோ, விரல் மரத்தாலோ, தலை சுற்றினாலோ நிறுத்திவிடுங்கள். ஊஞ்சல் போல ஆட்டி ஆட்டி இழுப்பது வேண்டாம்.

சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். சடக்கென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கிழிசல் வர வாய்ப்பு உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் பக்கவாதத்தில் கொண்டுபோய்விடும்.

முதல் வாரம்: மூன்றே மூன்று

எடுத்த எடுப்பில் பத்துப் பயிற்சி செய்தால் மூன்றாம் நாள் எல்லாமே நின்றுபோகும். எனக்கு அப்படி ஆகியிருக்கிறது. அதனால் முதல் வாரம் கீழே உள்ள மூன்று மட்டும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஒரு தடவைக்கு எட்டு, பத்து நிமிடம் பிடிக்கும். மாலைக் குளியலுக்குப் பிறகு உடம்பு சூடாக இருக்கும்போது நன்றாக வளையும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே வேண்டாம்.

*1. கதவு நிலை.* எனக்கு அதிகம் உதவியது இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுத்துவிட்டு, வாசற்படிக்கு நடுவில் நில்லுங்கள். இரண்டு முழங்கையையும் மடக்கி, தோள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, முன்கைகளை நிலையின் இரண்டு பக்கமும் பதியுங்கள். ஒரு காலை முன்னால் வையுங்கள். இப்போது நெஞ்சை அடுத்த அறைக்குள் அனுப்புவது போல உடம்பை மெதுவாக முன்னால் சாயுங்கள். அக்குளுக்கு முன்னால், காறை எலும்புக்குக் கீழே இழுக்க வேண்டும். அங்கேயே 5 மூச்சு. காலை மாற்றி மறுபடியும்.

எல்லோரும் செய்யும் தப்பு இரண்டு. ஒன்று, நெஞ்சுக்குப் பதிலாக வயிற்றைத் தள்ளி இடுப்பை வளைப்பது. அடிவயிற்றை லேசாக உள்ளே பிடித்தால் சரியாகிவிடும். இன்னொன்று, தோள் காதுவரை ஏறுவது. ஒரு பெருமூச்சு விட்டுத் தோளைக் கீழே இறக்கிவிட்டு அப்புறம் சாயுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போய்க் கை மேலே போகாமல் இருப்பது உண்டு. அவர்கள் ஒரு கையை மட்டும், எவ்வளவு தாழ வைத்தால் வலிக்காதோ அவ்வளவு தாழ வைத்துச் செய்யலாம்.

*2. நாற்காலி.* முதுகுப்பகுதி தோள்பட்டை எலும்பின் கீழ்முனை வரை வரும் நாற்காலியாகப் பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சரியும், அதனால் சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தலை சாய இடம் இருக்க வேண்டும். இரண்டு கையையும் பின்தலையில் கோத்துத் தலையைத் தாங்குங்கள். மூச்சை விட்டபடி, நாற்காலியின் மேல்விளிம்பில் முதுகு மடங்கும்படி பின்னால் சாயுங்கள். முழங்கைகள் கூரையைப் பார்க்கும். ஒரு மூச்சு இருந்துவிட்டு வாருங்கள். 8 தடவை. கழுத்தை ஒடிக்க வேண்டாம், வளைவது நடுமுதுகு மட்டும்.

*3. படுத்துத் திரும்புதல்.* பாயில் வலது பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். தலைக்குத் தலையணை, முழங்கால்கள் மடங்கி இடுப்புக்கு நேராக, நடுவில் இன்னொரு தலையணை. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராக நீட்டி உள்ளங்கைகளை ஒட்டிவையுங்கள். இப்போது மேலே இருக்கும் இடது கையைப் புத்தகத்தின் அட்டையைத் திறப்பது போல மேலே தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோங்கள். கண் அந்தக் கையோடேயே போகட்டும். கை பின்னால் தரையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. முழங்கால் தூக்கினால் திரும்புவது இடுப்புதான், முதுகு திரும்பாது. அதனால் வலது கையால் முழங்காலை அழுத்திக்கொள்ளலாம். அங்கே இரண்டு மூச்சு, திரும்ப மூடுங்கள். பக்கத்துக்கு 5. முதல் தடவை செய்தபோது விலா எலும்புகளுக்கு நடுவில் ஏதோ பூட்டுத் திறந்தது போல இருந்தது எனக்கு. இன்றுவரை ராத்திரி படுக்கும் முன் இதைச் செய்யாமல் தூங்குவதில்லை.

இரண்டாம் வாரத்தில் சேர்ப்பவை

*4. துண்டுச் சுருள்.* குளியல் துண்டை இறுக்கமாகச் சுருட்டுங்கள். சப்பாத்திக் கட்டையைவிடக் கொஞ்சம் தடிமனாக வந்தால் போதும். குறுக்கே போட்டு, தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு நேராக அது வரும்படி மல்லாக்கப் படுங்கள். முழங்கால் மடங்கியிருக்கட்டும். தலை தரைக்கு எட்டாமல் தொங்கினால் சின்னத் தலையணை வையுங்கள். கைகளை விரித்து, உள்ளங்கை மேலே பார்க்க, 10 மூச்சு. அப்புறம் இரண்டு விரல் அளவு மேலே நகர்த்தி இன்னொரு 10. கழுத்துக்கோ இடுப்புக்கோ அதைக் கொண்டுபோகாதீர்கள். எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்து எழுங்கள். கர்ப்பிணிகளும் எலும்பு வலுவிழந்தவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

*5. பூனை.* யோகா வகுப்பில் மார்ஜரி ஆசனம் என்பார்கள். உள்ளங்கையும் முழங்காலும் ஊன்றி, மூச்சை இழுக்கும்போது நெஞ்சைத் தரைப்பக்கம் இறக்கி, விடும்போது முதுகைக் கூரைப்பக்கம் தூக்குங்கள். 10 தடவை, மெதுவாக. முழங்கால் வலி இருப்பவர்கள் கீழே வர வேண்டாம். அடுப்பு மேடையின் விளிம்பில் கைகளை ஊன்றி, இரண்டடி பின்னால் போய், இடுப்பில் மடங்கி, நெஞ்சைக் கீழே தொங்கவிட்டால் அதே பலன். பால் பொங்கும் வரை நிற்கிற நேரத்தில் இதை முடித்துவிடலாம். அடுப்பிலிருந்து தள்ளி நின்றுகொள்ளுங்கள்.

*6. பிடரி ஓரம்.* நாற்காலியில் உட்கார்ந்து வலது கையால் இருக்கையின் ஓரத்தைப் பிடியுங்கள். தலையை இடது பக்கம் பாதி திருப்பி, இடது அக்குளை முகர்வது போலக் குனியுங்கள். இடது கையைப் பின்தலையில் சும்மா வையுங்கள், கையின் பாரமே போதும், இழுக்க வேண்டாம். கழுத்தின் பின்ஓரத்திலிருந்து தோள்பட்டை எலும்பின் மேல்மூலை வரை ஒரு கயிறு நீளுவது தெரியும். 5 மூச்சு. மறுபக்கமும்.

*7. கட்டிக்கொள்ளுதல்.* நான் முன்பு இதை மட்டுமே செய்துகொண்டிருந்தேன். இரண்டு கையாலும் உங்களையே கட்டிக்கொண்டு, எதிர்த் தோள்பட்டையைப் பிடித்து, மூச்சை முதுகுக்குள் இழுங்கள். 3 மூச்சு போதும், கடைசியில் ஒரே தடவை.

இளக்கினால் மட்டும் நிற்காது

நெஞ்சைத் திறந்துவிட்ட பிறகு, தோளைப் பின்னால் பிடித்துவைக்க முதுகுக்குக் கொஞ்சம் பலம் வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு சின்ன வேலைகளைச் சேருங்கள். துண்டின் இரண்டு முனையையும் தோள் அகலத்தில் பிடித்து நெஞ்சுக்கு நேராக நீட்டி, கிழிக்கப்போவது போல வெளிப்பக்கம் இழுத்து, தோள்பட்டைகளை ஒன்றையொன்று நோக்கிச் சேருங்கள். 5 எண்ணி விடுங்கள், 10 தடவை. அடுத்தது, சுவரில் சாய்ந்து நின்று, முழங்கையும் மணிக்கட்டும் சுவரைத் தொட்டபடி கைகளை மேலே வழுக்கி இறக்குவது. மணிக்கட்டு சுவரைத் தொடாவிட்டால் பரவாயில்லை, தொடுகிற அளவு மட்டும் போங்கள்.

வேலைக்கு நடுவில்

காலையும் மாலையும் பத்து நிமிடம் இளக்கிவிட்டு நடுவில் ஐந்து மணி நேரம் அசையாமல் குனிந்தால் ஒன்றும் மிஞ்சாது. நான் மிஷினில் இருக்கும்போது பாபினைத்தான் அடையாளமாக வைத்திருக்கிறேன். பாபின் நூல் தீர்ந்தால் எழுந்து நின்று நூல் சுற்றுவேன், தோளை ஐந்து தடவை பின்பக்கமாக உருட்டுவேன், கதவு நிலையில் ஒரு தடவை சாய்ந்துவிட்டு உட்காருவேன். ஆரி வேலைக்கு அப்படி ஒரு அடையாளம் இல்லை, ஒரு கொடி வடிவமோ ஒரு மாங்காய் வடிவமோ முடிந்தால் எழுந்துவிடுவேன். கணினி முன் இருப்பவர்கள் போனில் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம், வெளிச்சம், கண்ணாடி

நாம் ஏன் குனிகிறோம் என்று ஒரு நாள் உங்களையே கவனித்துப் பாருங்கள். வேலை கீழே இருப்பதால் கொஞ்சம், சரியாகத் தெரியாததால் ரொம்ப.

ஆரி ஸ்டாண்டை முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வரும்படி தூக்கி, என் பக்கமாகச் சற்றுச் சாய்த்துவைத்தேன். இரண்டு செங்கலில் வேலை முடிந்தது. லேப்டாப்பைப் புத்தக அடுக்கின் மேல் வைத்துத் திரையைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவரலாம், ஆனால் அதற்குத் தனிக் கீபோர்டு வேண்டும். போனை மடியில் வைத்துப் பார்க்காமல் முழங்கையை வயிற்றோடு ஊன்றி முகத்துக்கு நேரே பிடியுங்கள். பால் கொடுக்கும்போது நாம் குழந்தையிடம் குனியாமல், தலையணை அடுக்கிக் குழந்தையை நம்மிடம் உயர்த்த வேண்டும்.

வெளிச்சத்துக்கு ஒரு மேசை விளக்கை இடதுபக்கத்தில் வையுங்கள், இடதுகைக்காரர் என்றால் வலதுபக்கம். அப்புறம் கண். 40 வயதை ஒட்டி வெள்ளெழுத்து வந்துவிடும். ஊசியில் நூல் கோக்கக் கையைத் தள்ளித் தள்ளிப் பிடிப்போம், கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்போம். எனக்கு 43 வயது. கிட்டத்தில் பார்ப்பதற்குச் சரியான கண்ணாடி போட்ட மறுவாரமே குனிவது பாதி குறைந்தது. பயிற்சி செய்தும் வலி குறையாதவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாகக் கண்ணை எப்போது சோதித்தீர்கள் என்றுதான்.

ஒத்தடம்

வலி அதிகமாக உள்ள நாளில் நீட்டுவதற்கு முன் சூடு கொடுத்தால் எளிதாக இருக்கும். ஒரு பருத்தித் துணியில் இரண்டு கை கல்லுப்பைக் கட்டி, தோசைக்கல்லில் சூடாக்கி, முதலில் உள்முன்கையில் வைத்துப் பார்த்து, பொறுக்கிற சூட்டில் 15 நிமிடம் ஒற்றுங்கள். சர்க்கரையால் உணர்ச்சி மங்கியவர்களுக்குச் சூடு தெரியாமலேயே தோல் வெந்துவிடும், அவர்களுக்கு வேறொருவர் கைவைத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

எத்தனை நாளில் தெரியும்?

எனக்கு முதல் வாரத்தில் வலி அப்படியேதான் இருந்தது, எரிவது மட்டும் தள்ளிப்போனது. அரை மணி நேரத்தில் வந்தது ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தது. மூன்றாம் வாரம் தைலப் புட்டியைத் தேடவில்லை. நான்கு, ஐந்து வாரம் விடாமல் செய்தும் மாற்றமே இல்லை என்றாலும், வலி கைக்கு இறங்கினாலும், எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். போகும்போது எந்த நேரத்தில் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது, எந்தப் பயிற்சி வலியைக் கூட்டியது என்று எழுதிக்கொண்டு போனால் அவர்களுக்கு வேலை எளிது.

சுவர் அளவை ஞாயிறு காலையில் மட்டும் எடுங்கள், தினமும் வேண்டாம். முதல் தாளில் எழுதிய இரண்டரை விரல், எனக்கு எட்டாவது ஞாயிறு ஒரு விரலாக இருந்தது. தரையில் படுத்தால் தோளுக்கு அடியில் மகனின் சுண்டுவிரல் மட்டும் நுழைகிறது.